ஜூனியர் ரேஸ் சைக்கிளுக்கு கிராங்க்செட், கியர் எப்படி தேர்வு செய்வது? 7.93 மீட்டர் கணக்கு என்ன?

பந்தயம் முடிந்ததும் ஜெயித்த பையனின் சைக்கிளை ஓரமாகக் கொண்டுபோய் பின்னோக்கி உருட்டிப் பார்ப்பார்கள். பெடல் ஒரு முழு சுற்று சுற்றும்போது சக்கரம் தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிவிட்டால், கோப்பை கையைவிட்டுப் போய்விடும். ஜூனியர் ரோடு சைக்கிள் பந்தயங்களில் பல ஆண்டுகளாக நடந்து வந்த சோதனை இது.

17, 18 வயது ஜூனியர் பிரிவுக்கு இந்த விதியை சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ 2023 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. அப்படியென்றால் இனி எந்த கியர் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாமா? பிள்ளைக்கு ரேஸ் சைக்கிள் வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன? பார்ப்போம்.

கிராங்க்செட் என்றால் என்ன?

பெடல் பொருத்தப்படும் இரண்டு கைகள் (கிராங்க்), அதோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரங்கள் (செயின்ரிங்), இரண்டும் சேர்ந்ததுதான் கிராங்க்செட். பின் சக்கரத்தில் இருக்கும் சின்னச் சின்ன பல்சக்கர அடுக்குக்குப் பெயர் கேசட்.

முன்னால் பல் அதிகம், பின்னால் பல் குறைவு என்றால் 'கனமான' கியர். ஒரு மிதிக்கு நிறைய தூரம் போகும், ஆனால் காலுக்கு பலம் வேண்டும். இதற்கு நேர்மாறாக இருந்தால் 'லேசான' கியர். மேட்டில் ஏற உதவும்.

கடைகளில் கிடைக்கும் ரோடு சைக்கிள்களில் முன்பக்கம் 50-34, 52-36, 53-39 பற்கள் கொண்ட ஜோடிகள்தான் வழக்கம். இவை எல்லாமே பெரியவர்களின் காலை மனதில் வைத்து வந்த அளவுகள்.

7.93 மீட்டர் எங்கிருந்து வந்தது?

பெடலை ஒரு முறை முழுசாகச் சுற்றினால் சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும்? அதற்குப் பெயர் ரோல்அவுட். கணக்கு ரொம்ப சுலபம்: முன் பற்களை பின் பற்களால் வகுத்து, வரும் எண்ணை சக்கரத்தின் சுற்றளவோடு பெருக்கினால் போதும்.

ஜூனியர்களுக்கு யுசிஐ வைத்திருந்த உச்ச வரம்பு 7.93 மீட்டர். முன்னால் 52, பின்னால் 14 பற்கள் என்றால் கிட்டத்தட்ட இந்த அளவு வரும்.

டயரும் இந்தக் கணக்கில் உண்டு. 25 மி.மீ டயரின் சுற்றளவு சுமார் 2.105 மீட்டர். அதில் 52-14 கியர் 7.82 மீட்டர் போகும், பிரச்சினை இல்லை. அதே கியரோடு 28 மி.மீ டயர் மாட்டினால் சுற்றளவு சுமார் 2.136 மீட்டர் ஆகிவிடும். ரோல்அவுட் 7.93 மீட்டரைத் தொட்டு நிற்கும். டயரில் காற்று கொஞ்சம் கூடினாலே கோட்டைத் தாண்டும் நிலைமைதான்.

எதற்காக இந்தக் கட்டுப்பாடு?

வளரும் வயதில் கனமான கியரை அழுத்தி மிதித்தால் முழங்காலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். லேசான கியரில் வேகமாக மிதிக்கப் பழகினால்தான் பிற்காலத்தில் நல்ல ரேஸர் ஆகலாம் என்பது இன்னொரு காரணம். சீக்கிரமே உடல் வளர்ந்துவிட்ட பையன் வெறும் பலத்தை வைத்து மட்டும் ஜெயித்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இதில் உண்டு.

வரம்பு இருந்தால் வேகமே வராது என்று நினைக்க வேண்டாம். 7.93 மீட்டர் கியரில் நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கி.மீ-க்கு மேல் போகலாம். 120 சுற்று மிதித்தால் 57 கி.மீ! தட்டையான சாலையில் ஒரு பதின்ம வயது ரேஸருக்கு இது தாராளம். இறக்கத்திலும் கடைசி நேர ஸ்பிரிண்டிலும்தான் கியர் போதவில்லை என்று தோன்றும்.

அப்புறம் ஏன் நீக்கினார்கள்?

பொருள் கிடைக்காதது முக்கியமான சிக்கல். இப்போது வரும் 12 ஸ்பீடு கேசட்டுகள் பெரும்பாலும் 11 அல்லது 10 பல்லில்தான் தொடங்குகின்றன. 14-ல் தொடங்கும் கேசட்டைத் தேடி அலைய வேண்டும். கனமான கியரால் காயம் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்ற வாதமும் எழுந்தது.

சுவாரசியம் என்னவென்றால், ஜூனியர்களுக்கு வரம்பை நீக்கிய அதே யுசிஐ, 2025-ல் தொழில்முறை ரேஸர்களுக்கு வரம்பு வைத்துப் பார்க்க நினைத்தது. வேகத்தைக் குறைத்து விபத்தைத் தடுப்பதுதான் நோக்கம். 54-11 கியருக்குச் சமமான 10.46 மீட்டர் வரம்பை சீனாவில் நடக்கும் குவாங்சி பந்தயத்தில் சோதிக்கத் திட்டம். 10 பல் கேசட் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் பெல்ஜியம் போட்டி ஆணையத்திடம் போனது. ஆணையம் தடை போட, சோதனை நடக்காமலே போனது.

இப்போது வாங்கும்போது என்ன பார்க்கணும்?

1. முதலில் விதி, அப்புறம் கடை

யுசிஐ நீக்கியது 17, 18 வயதுப் பிரிவுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள வயதுகளுக்கு அந்தந்த நாட்டு சம்மேளனம் தனி விதி வைக்கலாம். பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு வயதுக்கேற்ற கியர் வரம்பு நீண்ட காலமாகவே உண்டு. பிள்ளை ஓடப்போகும் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு பர்ஸைத் திறங்கள்.

2. கிராங்க் நீளம்

பலரும் செயின்ரிங்கைப் பார்த்துவிட்டு இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களின் சைக்கிளில் 170, 172.5, 175 மி.மீ கிராங்க்தான் வழக்கம். குட்டையான பிள்ளைக்கு இது நீளம். பெடல் மேலே வரும்போது முழங்கால் அதிகமாக மடங்கும், இடுப்பு ஆடும், குனிந்து ஓட்ட முடியாது.

160, 165 மி.மீ கிராங்க் பெரிய நிறுவனங்களிலேயே கிடைக்கிறது. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைந்த நீளமும் உண்டு. 'குட்டை கிராங்க் போட்டால் வேகம் குறையும்' என்ற பயம் வேண்டாம். 2024-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த டாடே போகச்சார் ஓட்டியதே 165 மி.மீ கிராங்க்தான்.

3. பெரிய செயின்ரிங் எத்தனை பல்?

வரம்பு உள்ள போட்டி என்றால் இங்கேதான் காசை மிச்சப்படுத்தலாம். 7.93 மீட்டர் வரம்பையும், 25 மி.மீ டயரோடு 11-28 கேசட்டையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முன்னால் 50 பல் என்றால் பின்னால் 13 போட்டாலே 8.10 மீட்டர் வந்துவிடும். ஆக 11, 12, 13 மூன்றும் வீண். 11 கியரில் 8 தான் மிஞ்சும்.

முன்னால் 46 பல் என்றால் பின்னால் 13 வரை போகலாம், 7.45 மீட்டர்தான். இரண்டு கியர் மட்டுமே வீண்.

தேவையில்லாத கியருக்கு செயின் போகாதபடி டிரெயிலரின் திருகை முடுக்கி அடைப்பது உண்டு. ஆனால் இதை போட்டி நடத்துபவர்கள் ஏற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளணும். எல்லா டிரெயிலரிலும் மூன்று கியரை அடைக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

4. கேசட்டை மாற்றலாமா?

பழைய 11 ஸ்பீடு செட் என்றால் ஷிமானோவின் 14-28 ஜூனியர் கேசட் நல்ல வழி. 14 முதல் 21 வரை ஒவ்வொரு பல்லாகக் கூடும். கூட்டத்தோடு ஓடும்போது மிதிக்கும் வேகத்தை மாற்றாமலே கியர் மாற்றலாம். சாதாரண 11-28-ல் 15-க்கு அடுத்தது நேராக 17.

5. மேட்டுக்கு என்ன கியர்?

வரம்பு எல்லாம் மேல் கியருக்குத்தான். பிள்ளை திணறுவதோ கீழ் கியரில். 36-28 கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 11.4 கி.மீ. 34-32 என்றால் அதே 70 சுற்றில் 9.4 கி.மீ போதும். செங்குத்தான மேட்டில் முழங்காலைக் காப்பது இந்த 2 கி.மீ வித்தியாசம்தான்.

6. பொருந்துமா?

கிராங்க்செட்டை மட்டும் தனியாக வாங்கும்போது, அதன் அச்சு உங்கள் பிரேமின் பாட்டம் பிராக்கெட்டில் உட்காருமா என்று பாருங்கள். ஷிமானோ அச்சு 24 மி.மீ, ஸ்ராமின் டப் அச்சு சுமார் 29 மி.மீ. ஒன்றுக்கு வாங்கிய பேரிங் இன்னொன்றுக்கு ஆகாது. செயின்ரிங் சின்னதானால் முன் டிரெயிலரைக் கீழே இறக்கணும், செயினையும் வெட்டணும்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

டயரில் போட்டி நாளுக்கான காற்றை நிரப்புங்கள். செயினை மிகக் கனமான கியரில் போடுங்கள். ஒரு பெடலை நேர் கீழே வைத்து, பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிளைப் பின்னோக்கி உருட்டுங்கள், பெடலும் கூடவே சுற்றும். அதே பெடல் மறுபடி நேர் கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் டேப் வைத்து அளங்கள். வரம்புக்கு சில சென்டிமீட்டர் உள்ளேயே இருப்பது நல்லது. டயர் மாற்றினால் மறுபடியும் அளக்கணும்.

வரம்பே இல்லாத போட்டி என்றாலும் 52-11 கியரை மிதிக்கும் கால் 15 வயதில் எல்லோருக்கும் வந்துவிடாது. அந்த வயதில் முதலில் வரவேண்டியது நிமிடத்துக்கு 100 சுற்று சீராக மிதிக்கும் பழக்கம். கால் வளர்ந்த பிறகு செயின்ரிங்கை மாற்றிக்கொள்ளலாம், முழங்காலை அப்படி மாற்ற முடியாது.