பிரபஞ்சத்தின் தோற்றமும் திருத்தி எழுதிய கணக்கும்

நிலையத்தில் நில்லாது விரைந்தோடும் வண்டியின் ஊதல், நம்மை நோக்கி வருங்கால் சுருதி உயர்ந்தும், நம்மைக் கடந்து அகன்ற மாத்திரத்தில் சுருதி தாழ்ந்தும் ஒலிப்பதை இக்காலனியில் வாழும் நாம் அனைவரும் நாள்தோறும் கேட்கின்றோம். இதன் காரணத்தை ஆஸ்திரிய நாட்டறிஞர் டாப்ளர் 1842-இல் கணக்கிட்டு உரைத்தார். 1845-இல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலட் என்பார் எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றி ஓடச் செய்து, இசைப் பயிற்சி மிக்கோரைப் பாதையோரம் நிறுத்திச் செவியால் அளக்கச் செய்து, அக்கணக்கு மெய்யே என நிறுவினார். பிரபஞ்ச ஆராய்ச்சிக்கு உதவிய படிகளுள் ஒன்று ரயில் பாதையோரத்தில் அமைந்தது என்பது நம் போன்ற ரயில்வே குடும்பத்தார்க்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர், “விஞ்ஞானிகள் இன்றொன்று சொல்கிறார்கள், நாளை அதனையே மறுக்கிறார்கள். இவர்களை நம்பி நம் பிள்ளைகள் எதைக் கற்பது?” என்று வினவினார். அன்று நாம் விடை கூற இயலாது அமர்ந்திருந்தோம். மெட்ரிகுலேஷன் வரையே பயின்ற நாம், அதன்பின் ஓய்வு நேரங்களில் கற்றறிந்தவற்றை அவ்வினாவிற்கு விடையாக இம்மலரில் வைக்கின்றோம்.

1917-இல் ஐன்ஸ்டைன், பிரபஞ்சம் மாறாது நிலைத்திருப்பது என்று கருதி, தம் சமன்பாட்டில் அதற்கேற்ப ஓர் எண்ணைச் சேர்த்தார். 1922-இல் ருஷ்ய அறிஞர் ஃப்ரீட்மன், பிரபஞ்சம் விரியவும் கூடும் என்று கணித்துக் காட்டினார். அக்கணக்கில் பிழையுண்டென்று ஐன்ஸ்டைன் அச்சில் எழுதினார். பிழை தம்முடையதே என்று 1923-இல் அச்சிலேயே ஒப்பினார். 1927-இல் பெல்ஜிய நாட்டுப் பாதிரியாரும் கணித அறிஞருமான லெமேத்ர் விரிவுக் கொள்கையைத் தனியே கண்டார். 1931-இல், அனைத்தும் ஓர் ஆதி அணுவினின்று தோன்றியிருக்கலாம் என்றும் உரைத்தார்.

1929-இல் அமெரிக்காவின் மௌண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்பின் பக்கம் சாய்ந்திருப்பதையும், தொலைவு மிகுந்தோறும் அச்சாய்வு மிகுவதையும் காட்டினார். அகலும் வண்டியின் ஊதல் தாழ்வது போன்றதே இது. அவருக்கு உறுதுணையாய் நின்ற ஹ்யூமசன், பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, அம்மலைக்குப் பொருள் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டி, பின்னர் அங்கேயே ஏவல் பணியில் அமர்ந்து, வானூல் அறிஞராய் உயர்ந்தவர்.

ஆயின் ஓர் இடர் எழுந்தது. ஹபிளின் அளவைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே ஆயிற்று. பூமியின் பாறைகளோ அதனினும் முதியவை. தாயினும் மகள் மூத்தவளாதல் உண்டோ? இவ்விடரையும் எண்ணியே 1948-இல் கேம்பிரிட்ஜில் ஹாயில், பாண்டி, கோல்டு ஆகிய மூவரும், பிரபஞ்சத்திற்குத் தொடக்கமே இல்லை. விரியுந்தோறும் புதுப் பொருள் சிறுகச் சிறுகத் தோன்றி இடத்தை நிரப்புகிறது என்னும் நிலைத்த நிலைக் கொள்கையை நாட்டினர். எதிர்க்கொள்கைக்குப் ‘பெருவெடிப்பு’ என்ற பெயரை 1949-இல் வானொலியில் வழங்கியவரும் ஹாயிலே!

பின்னர் 1952-இல் பாடே என்பார், தொலைவை அளக்க உதவிய விண்மீன்கள் இரு வகையின என்றும், அவற்றை ஒன்றாகக் கொண்டதால் தொலைவுகள் பாதியாகக் குறைந்து காணப்பட்டன என்றும் அறிவித்தார். வயது இரட்டித்தது; பின்வந்த திருத்தங்களால் மேலும் வளர்ந்தது. 1965-இல் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர், தம் வானொலிக் கருவியில் எத்திசை நோக்கினும் நீங்காத மெல்லிய இரைச்சலொன்று கேட்பதை வெளியிட்டனர். கருவியில் கூடு கட்டிய புறாக்களை அகற்றி, எச்சத்தைத் துடைத்தும் அது ஓயவில்லை. ஆதி வெப்பத்தின் எச்சமாக இத்தகைய கதிர் எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948-இலேயே கணித்திருந்தனர். நிலைத்த நிலைக் கொள்கையால் அதற்கு ஏற்ற விளக்கம் தர இயலவில்லை. மறைவதற்குச் சற்று முன் 1966-இல் லெமேத்ர் இச்செய்தியைக் கேட்டறிந்தார்.

தோற்ற கொள்கை வீணாயிற்றோ எனின், இல்லை. தனிமங்கள் விண்மீன்களின் வயிற்றில் சமைக்கப்படுவதை விளக்கும் பெரும் ஆய்வை ஹாயிலும் துணைவர் மூவரும் 1957-இல் வெளியிட்டனர். அது இன்றும் நிற்கிறது. நம் நாட்டவர் பங்கும் சிறிதன்று. கல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு, பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. ஹாயிலின் மாணவரும், புணேயில் 1988-இல் வானியல் மையத்தை நிறுவியவருமான நார்லிகர், 2025-இல் மறையுமளவும் பெருவெடிப்பைப் பற்றி வினா எழுப்பத் தயங்கியதில்லை.

இன்று வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்பர். விரிவு விரைவுபடுகிறது என்று 1998-இல் தெரிந்தபோது, ஐன்ஸ்டைன் பின்னர் கைவிட்ட அவ்வெண்ணே மீண்டும் ஏட்டில் ஏறியது. விரிவின் வேகத்தை இருவழியில் அளந்தால் இரு விடைகள் வருகின்றன; அக்கணக்கு இன்னும் முடியவில்லை.

பெரியவர்க்கு நாம் கூறும் விடை இதுவே. நம் அலுவலகப் பதிவேட்டில் தவறான எண்ணைச் சுரண்டி அழித்தல் குற்றம். பழைய எண் தெரியுமாறு கோடு கிழித்து, சரியான எண்ணை மேலே எழுதி, கையொப்பமிடல் வேண்டும். சுரண்டிய ஏட்டையே தணிக்கையாளர் ஐயுறுவர். கையொப்பமிட்ட திருத்தத்தை ஐயுறார். விஞ்ஞானத்தின் ஏடும் அத்தகையதே. ஆதலின் நம் பிள்ளைகள் விடைகளைக் கற்பதோடு, அவை திருத்தப்பட்ட வரலாற்றையும் கற்பாராக. பிழையைப் பிழையென ஒப்பும் துணிவு அதனால் அவர்க்கு வாய்க்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!