குரலுக்காகச் செய்த பெட்டி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. இருட்டியதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிப் பெட்டி உயிர்பெறும். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் இலண்டனில் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். பிபிசி தமிழோசையை நாங்கள் அப்படித்தான் கேட்டோம். உள்ளங்கையளவு ஒலிபெருக்கி, ஓயாத கரகரப்பு, சிற்றலைக்கே உரிய ஏற்ற இறக்கம். இருந்தும் ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை.

அக்குரல்களை அனுப்பிய நிறுவனம் தன்னுடைய ஒலியைத் தானே எவ்வாறு கேட்டுச் சரிபார்த்தது என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளின் பின்னரே எழுந்தது. 2016இல் இலண்டன் சென்றிருந்தபோது ஹரோவில் வசிக்கும் பள்ளித் தோழன் ஒருவனின் வீட்டில் தங்கினேன். அவனுடைய அறையில் இரண்டு சிறிய மரப்பெட்டிகள் இருந்தன. உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம். முன்புறத்தில் கறுப்புத் துணி. சப்பாத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்தது போன்ற தோற்றம். ஒன்று பாடிக்கொண்டிருந்தது, மற்றது வாய் திறந்து கிடந்தது. பேரனின் பிறந்தநாளன்று இளைஞர்கள் சத்தத்தைக் கூட்டியதில் உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது என்றான். அதைத் திருத்தும் வேலையில் நானும் கைவிளக்குப் பிடித்தேன். அந்த நான்கு நாட்களில் கேட்டதும், பின்னர் தேடிப் படித்ததுமே இக்கட்டுரை.

அப்பெட்டியின் பெயர் எல்.எஸ். 3/5ஏ. பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. எல்.எஸ். என்பது ஒலிபெருக்கி. 3 என்பது வெளிக்கள ஒலிபரப்புக்கானது என்பதைக் குறிக்கும் பிபிசியின் இலக்கம்; நிலையக் கலையகங்களுக்கானவை 5 என்ற இலக்கத்தைப் பெற்றன. அவ்வரிசையில் ஐந்தாவது வடிவமைப்பு இது. கடைசியில் நிற்கும் ‘ஏ’, முதல் வடிவம் திருத்தப்பட்டது என்பதற்கான அடையாளம். கவிஞர்கள் எவரும் அருகில் இல்லாத வேளையில் பொறியியலாளர்கள் சூட்டிய பெயர்.

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்னும் பழைய மாளிகையில் பிபிசியின் ஆய்வுப் பிரிவு 1948 முதல் 2010 வரை இயங்கியது. கலையகம் ஒன்றைக் கட்டுவதற்கு முன்னர் அதன் எட்டிலொரு பங்கு அளவிலான மாதிரியைச் செய்து, அதனுள் ஒலி எவ்வாறு நடந்துகொள்கிறது என்று சோதிப்பது அங்கு நடந்த வேலைகளில் ஒன்று. சிறிய அறைக்குச் சிறிய ஒலிபெருக்கி வேண்டுமல்லவா? அதற்கெனச் செய்த ஒன்றில் யாரோ சாதாரண நிகழ்ச்சியை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத தெளிவு வெளிப்பட்டது. அதே காலத்தில் இன்னொரு தேவையும் காத்திருந்தது. வெளிக்களத்துக்குச் செல்லும் தொலைக்காட்சி வாகனங்களின் உள்ளே பெரிய ஒலிபெருக்கிக்கு இடமில்லை. காதணிக் கருவிகளை மணிக்கணக்கில் மாட்டியிருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்ததில் பிறந்தது எல்.எஸ். 3/5.

ஓர் இசைக்கருவியைப் போல இனிமையாக ஒலிப்பது இதன் நோக்கமன்று. வாகனத்தில் அமர்ந்திருப்பவர், ஒலிவாங்கியின் முன் பேசுபவரின் குரலில் ஏதும் பிழையிருந்தால் அக்கணமே அறிய வேண்டும். பிபிசியின் பொறியியலாளர்கள் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கையில் மனிதப் பேச்சையே முதல் உரைகல்லாகக் கொண்டனர். உயிருள்ள ஒருவரின் குரலையும், அதே குரல் ஒலிபெருக்கியினூடாக வருவதையும் மாற்றி மாற்றிக் கேட்டனர். வயலினில் ஏற்படும் சிறு திரிபைப் பலரும் உணர மாட்டார்கள். நமக்குத் தெரிந்த ஒருவரின் குரலில் தடிமன் பிடித்திருந்தால், ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

இதற்கான இரண்டு ஒலி உறுப்புகளையும் கென்ற் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டன் நகரிலிருந்த கெஃப் நிறுவனம் வழங்கியது. 1961இல் அதனைத் தொடங்கிய ரேமண்ட் குக் முன்னர் பிபிசியில் பணியாற்றியவர். தாழ்ந்த ஒலிகளுக்கும் குரலுக்கும் பி110. அதன் கூம்பு வழமையான கடதாசிக்குப் பதிலாக பெக்ஸ்ட்ரீன் என்னும் பிளாஸ்ரிக்கால் ஆனது. கடதாசி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும், ஈரத்தில் மாறும். பிளாஸ்ரிக் ஒரே சீராக வரும் என்பது காரணம். உயர்ந்த ஒலிகளுக்கு டி27. 19 மில்லிமீற்றர் மைலார் குமிழ் ஒன்று. இரண்டையும் வடிவமைத்தவர் அந்நிறுவனத்தின் முதல் ஊழியரான மல்கம் ஜோன்ஸ். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதற்சில பெட்டிகள் செய்யப்பட்ட பின்னர், உறுப்புகளின் தயாரிப்பில் ஏற்பட்ட மாற்றங்களால் புதியவை பழையவற்றுடன் ஒத்துப்போகவில்லை. சாதாரண வியாபாரியாக இருந்தால் ‘புதிய ரகம்’ என்று விற்றிருப்பார். பிபிசிக்கு அது இயலாது. இன்று ஒரு வாகனத்தில் கேட்பதும் நாளை மற்றொன்றில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் எதை நம்பித் தீர்ப்புக் கூறுவது? எனவே 1974இல் மீண்டும் ஆரம்பத்திலிருந்து வடிவமைத்தார்கள். ஹார்வுட், வற்றன், மில்ஸ் ஆகிய மூவரும் 1976 ஒக்ரோபரில் எழுதிய ஆய்வறிக்கை அதன் விவரங்களைப் பதிவுசெய்கிறது.

தோழன் திருகாணிகளைக் கழற்றியபோது உள்ளே இருந்தவை என்னை வியக்க வைத்தன. கனமான பலகை கெட்டியான ஒலியைத் தரும் என்று நினைத்திருந்தேன். இதிலோ 12 மில்லிமீற்றர் பேர்ச் பிளைவூட்தான். அதன் உட்புறத்தில் தார் கலந்த தகடுகளை ஒட்டியிருந்தார்கள். எந்தப் பெட்டியும் அதிரத்தான் செய்யும். தடித்த பலகை அதிர்வதோ காது கூர்மையாக உணரும் சுருதியில். மெல்லிய பலகையில் கனத்த தகட்டை ஒட்டினால் அதிர்வு கீழே இறங்கி, விரைவில் அடங்கியும் விடுகிறது. மூலைகளில் பொருத்தும் சட்டங்கள் பீச் மரமாகவே இருக்க வேண்டும் என்பது விதி. பரானா பைன் மரத்தைப் பயன்படுத்திப் பார்த்தபோது ஒலியில் நிறம் மாறியது தெரிந்தது. தச்சுத் தொழிலறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பலா மரத்தில் குடைந்த மிருதங்கத்தையும் வேறு மரத்தில் குடைந்ததையும் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமல்லவா?

டி27ஐச் சுற்றித் தடித்த கம்பளித் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. பெட்டியின் விளிம்புகளில் ஒலி மோதிச் சிதறாமல் அவை காக்கின்றன. ஆனால் உண்மையான உழைப்பு முழுவதும் கிராஸ்ஓவர் எனப்படும் பிரிப்பு மின்சுற்றிலேயே இருக்கிறது. ஒலியைச் சுமார் 3,000 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் உரியதை அனுப்புவது அதன் வேலை. அத்துடன், பி110 தன்னியல்பாக 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சற்று உரத்துப் பேசும்; அந்த மேட்டையும் இச்சுற்று தட்டிச் சமப்படுத்துகிறது. ட்வீட்டரின் பலம் ஒன்றுக்கொன்று வேறுபடுமாதலால், கம்பிச்சுருளில் பல முனைகளை விட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் பொருத்தமான முனையைத் தெரிந்து இணைத்திருக்கிறார்கள். அதாவது, கூட்டமாகச் செய்த பொருளாயினும் ஒவ்வொன்றையும் ஒருவர் தனியாக அளந்து முடித்திருக்கிறார்.

பிபிசி இப்பெட்டியைத் தானே விற்கவில்லை. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஓடியோமாஸ்ரர், ஸ்பெண்டர், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் அனுமதி பெற்றுச் செய்தன. இவற்றுள் ஸ்பெண்டர், பிபிசியிலிருந்து விலகிய ஸ்பென்சர் ஹியூஸ் தன் பெயரையும் மனைவி டோரதியின் பெயரையும் சேர்த்து உருவாக்கியது. ஆய்வறிக்கை எழுதிய ஹார்வுட் 1977இல் தொடங்கிய ஹார்பெத்தில் அவருடைய மனைவி எலிசபெத் இருக்கிறார். வாகனத்துக்கெனப் பிறந்த பெட்டி வீடுகளுக்குள் புகுந்தது அப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் உறுப்புகளின் இயல்பு மறுபடியும் விலகிச் சென்றதால் மின்சுற்றை மீண்டும் திருத்தினார்கள். 15 ஓம் ஆக இருந்த மின்தடை 11 ஓம் ஆயிற்று. ஆர்வலர்கள் இன்றளவும் ‘பதினைந்தா, பதினொன்றா’ என்று சண்டையிடுகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் கெஃப் அவ்விரு உறுப்புகளையும் செய்வதை நிறுத்தியது. அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஹொங்கொங்கிலும் யப்பானிலும் பழைய சோடிகளுக்கு விலை ஏறியது. அனுமதியற்ற போலிகளும் வந்தன. தோற்றத்தை நகலெடுப்பது இலகு. பிளைவூட்டும் கறுப்புத் துணியும் எங்கும் கிடைக்கும். கிடைக்காதது பி110. இந்த இடத்தில் புத்துயிர் கொடுக்க முனைந்தோர் இரண்டு வழிகளில் பிரிந்தார்கள். ஸ்டேர்லிங் நிறுவனம் 2000களில் புதிய உறுப்புகளை எடுத்து, மின்சுற்றின் மூலம் பழைய ஒலியை வரவழைத்தது. ஃபால்கன் நிறுவனம் மற்ற வழியைத் தேர்ந்தது. அதனை 1972இல் தொடங்கியவர் அதே மல்கம் ஜோன்ஸ். நான்கு தசாப்தங்களுக்கு முன் தாம் வடிவமைத்த பி110ஐயும் டி27ஐயும் மீண்டும் உருவாக்குவதற்கு அவரே துணைநின்றார். 2014இல் பிபிசியின் அனுமதியுடன் அவர்களுடைய எல்.எஸ். 3/5ஏ வெளியாயிற்று.

என் மனம் இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறது. முதல் வழி பிழை என்பதனாலன்று. அதுவும் நேர்மையான பொறியியலே. ஆயினும் அந்த மின்சுற்று, பி110இன் குறைகளை அறிந்து அவற்றுக்காகவே எழுதப்பட்ட மருந்துச் சீட்டு. நோயாளியை மாற்றிவிட்டால் சீட்டையும் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

தோழனுக்கும் இதே கேள்வி. எந்த ஐந்து அங்குல வூஃபரையும் பொருத்தலாம் என்று ஒருவர் ஆலோசனை கூறியிருந்தார். அவன் மறுத்துவிட்டு, கையால் புதிதாகச் செய்யப்பட்ட பி110 இரண்டை வாங்கினான். கருகியது ஒன்றே என்றாலும், வலதும் இடதும் ஒன்றையொன்று ஒக்க வேண்டுமென்பதால் நல்லதையும் கழற்றிவிட்டான். மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக அளந்து, முதுமையால் விலகியவற்றை மட்டும் மாற்றினான். சுருள்களைத் தொடவில்லை. ஈயம் உருக்கி ஒட்டும்போது அவனுடைய கை நடுங்கியது. இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

புகழ்ந்துகொண்டே போகக் கூடாது. தவிற்கச்சேரி ஒன்றை ஒலிக்கவிட்டான். வலந்தலையில் விரல்கள் தெறிப்பது மிகத் துல்லியமாக வந்தது. தொப்பியில் கழி விழும் அடி வயிற்றில் இறங்கவில்லை. ஐந்து அங்குலக் கூம்பிலிருந்து அதனை எதிர்பார்ப்பது அறியாமை. மின்னை நிறைய விழுங்கிக் குறைவாகவே சத்தமிடும் பெட்டி இது. இன்று கேட்கப்படும் விலைக்கு எங்கள் ஊரில் நல்லதொரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

“உன்ரை ரேப் ஏதும் கொண்டு வந்தனியோ?” என்று அவன் கேட்டான். 1987இல் நான் எடுத்த செவ்விகளில் எஞ்சிய சில கசெற்றுகளை இலக்கமுறைப் பதிவாக மாற்றுவதற்காக எடுத்துச் சென்றிருந்தேன். கடற்கரைக் கிராமமொன்றின் தலைமை ஆசிரியர் பேசியிருந்ததை அவன் ஓடவிட்டான். கையடக்க ரேப் றெக்கோடரில் அதனைப் பத்துத் தடவையாவது கேட்டு எழுதியிருக்கிறேன். இப்போது அறையில் தேநீர்க் கோப்பையில் கரண்டி தட்டியது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. மாணவர்கள் திரும்பி வருவார்களா என்ற என்னுடைய இளமைக் குரல் கேட்டது.

அதன்பின் அவர் மூச்சை உள்ளிழுத்தார். அரைவாசி வெளியே விட்டார். மறுபடியும் இழுத்தார். பின்னரே “வருவினம்” என்றார்.

ஆசிரியர் உறுதியாகக் கூறினார் என்று அன்றைய பத்திரிகையில் எழுதியிருந்தேன். நறுக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. தோழன் கசெற்றைப் பின்னோக்கி ஓட்டி, அந்த இடத்தை இன்னுமொருமுறை ஒலிக்கவிட்டான்.