நாட்டார் கலை நூலகமும் வல்வெட்டித்துறையும்

வாய்மொழிக் கலைகளை நூலகத்திற் பேணுதல், அச்சு நூல்களை அடுக்கிவைப்பதினும் அரிய பணியாகும். மெட்டும் மத்தள ஒலியும் ஆட்ட முறையும் எழுத்தில் முழுமையாக அடங்குவனவல்ல. இங்கிலாந்தில் செசில் சார்ப் (1859–1924) தம் நூற்சேகரத்தை நாட்டார் ஆடற் சங்கத்துக்கு விட்டுச் சென்றார். 1930 இல் இலண்டனில் அவர் பெயரால் திறக்கப்பட்ட இல்லத்தில் அது தனித்துறை நூலகமாக வளர்ந்தது.

ஈழத்தில் இத்தகைய பணி பதிப்பு முயற்சியாகவே தொடங்கிற்று. மு. இராமலிங்கம் வட இலங்கை நாட்டார் பாடல்களைத் திரட்டினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தார். இவற்றாற் பாடம் பிழைத்தது. ஆயின் மெட்டும் ஆட்டமும் அண்ணாவிமாரின் நினைவிலேயே தங்கின.

நினைவை மட்டும் நம்புதல் எத்துணை இடர் என்பதற்கு வல்வெட்டித்துறை தக்க சான்று. அங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பின்னர் பாய்க்கப்பற் தொழில் அருகியது. தொழில் மறையின், அதனோடு பிறந்த பாட்டும் பாடுவாரின்றி மறைதல் இயல்பு. வலையிழுப்போரின் அம்பாப் பாடலுக்கும் இது பொருந்தும்.

திரட்டியவற்றை ஒழுங்குபடுத்துவதிலும் சிக்கல் உண்டு. வடமராட்சியில் பயிலும் காத்தவராயன் கூத்தினைத் தூயி தசமப் பகுப்புப்படி வைப்பின், கதை 398 இலும், இசை 781.62 இலும், அரங்கு 792 இலும், ஆடல் 793.31 இலும் சிதறும். மாரியம்மனுக்கு நேர்ந்து ஆடப்படும் ஒரே கலை நான்கு அடுக்குகளிற் பிரிந்து கிடக்கும். சீர்காழியிற் பிறந்த எசு. ஆர். இரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளின் பல கூறுகளையும் ஒரே எண்ணிற் கோத்துக் காட்டியது. அந்நெறியைப் பின்பற்றி, ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் அலகாகக் கொண்டு, ஊர், கோயில், நாள், அண்ணாவியார், மெட்டு, தாளம் ஆகியவற்றை ஒரே அட்டையிற் பதிந்து, ஒலிநாடாவையும் கொப்பியையும் அதனோடு இணைத்தலே பொருத்தமாகும்.

ஒழுங்கு மட்டும் காவலாகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் வீடுகள் பல தீக்கிரையாயின. பொது நூலகத்து ஏட்டுக்கும் வீட்டுப் பெட்டகத்துக் கொப்பிக்கும் நேரக்கூடிய கதி ஒன்றே என்பதை இவை உணர்த்தின. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம், படியைப் பல இடங்களில் வைக்கும் வழியைத் திறந்தது. அவ்வழியில் முதலிற் பதியப்பட வேண்டுவது அச்சேறிய நூலன்று. முதியோர் நாவில் எஞ்சியுள்ள பாட்டே.