ஒரு நோயும் அதன் பிரதிநிதி உயிரணுக்களும்

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பிறவிநோயில் சுவாசக் குழாய்களையும் கணைய நாளங்களையும் அடைத்துக்கொள்ளும் தடித்த சளிக்கு மூலகாரணம், எபிதீலிய உயிரணுக்களின் மேற்பரப்பைக் குளோரைடு அயனிகள் கடக்க இயலாமையே என்பது, 1983-ஆம் ஆண்டில் பால் குவின்டன் நோயாளிகளின் வியர்வை நாளங்களை ஆராய்ந்து காட்டிய பின்னரே தெளிவாயிற்று. 1989-இல் லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். மரபணுவைக் கண்டபோது, அம்மரபணு ஆக்கும் குளோரைடு வழிப் புரதத்தின் 1480 அமினோ அமிலங்களுள் 508-ஆவது விடுபட்டுப்போவதே பெரும்பாலான நோயாளிகளிடம் காணும் பிழை என்பதும் புலனாயிற்று. ஆயினும் அப்பிழைக்குப் பரிகாரம் தேட, அதனைத் தாங்கிய உயிரணுக்கள் ஏராளமாக வேண்டியிருந்தன. நுரையீரல் மாற்றுச் சிகிச்சையில் அகற்றிய உறுப்புகளிலிருந்து கிடைக்கும் சுவாசக் குழாய் உயிரணுக்களோ, சில தலைமுறைகள் பெருகி ஓய்ந்துவிடும்.

இக்குறையை நீக்க முதலில் வழி தந்தது, மற்றொரு கொடிய நோய். கணையப் புற்றுநோயும் உற்றிருந்த ஒரு நோயாளியின் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலிருந்து, அலபாமா பல்கலைக்கழகத்தார் சி.எஃப்.பாக்-1 என்னும் உயிரணு வரிசையை வளர்த்தெடுத்து 1990-இல் வெளியிட்டனர். ஓயாது பெருகும் அவ்வுயிரணுக்களுள் பிழையற்ற மரபணுவை ரெட்ரோவைரஸ் வாயிலாகச் செலுத்தியபோது குளோரைடு ஓட்டம் மீண்டது என்னும் செய்தியும் அவ்வாண்டிலேயே வந்தது. கண்டறிந்த மரபணுவே நோயின் காரணம் என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் நோயின் உக்கிரம் நுரையீரலில் அல்லவா? டீட்டர் குரூனெர்ட் குழுவினர் எஸ்.வி.40 வைரஸின் மரபணுவைப் புகுத்தி, சுவாசக் குழாய் உயிரணுக்களையே நெடுங்காலம் வளரச் செய்தனர். அவற்றுள் நோயாளியிடமிருந்து வந்த சி.எஃப்.பி.இ.41ஓ வரிசை, தன் சொந்த சி.எஃப்.டி.ஆர். மரபணுவை ஏறக்குறைய மௌனமாக்கிவிட்டமையால், அதனை வெளியிலிருந்து மீளப் புகுத்தியே ஆராய வேண்டியதாயிற்று.

மரபணுவை எப்படியும் வெளியிலிருந்தே புகுத்த வேண்டுமென்றானபின், சொந்தக் குளோரைடு வழி மிகச் சொற்பமாகவே உள்ள ஃபிஷர் எலியின் தைராய்டு உயிரணுக்கள் விசேஷ ஸ்தானம் பெற்றன. நுண்துளைகள் கொண்ட சவ்வின்மீது அவற்றை ஒற்றை அடுக்காக, இடுக்கின்றி வளர்த்து, இரு உப்புநீர்த் தொட்டிகளுக்கு நடுவே பொருத்தி, ஒரு மருந்துத் துளி விட்டதும் மின்னோட்டம் எவ்வளவு உயர்கிறதென அளப்பர். டென்மார்க்கின் ஹான்ஸ் உசிங் தவளைத் தோலுக்கென அமைத்த கருவி இது. எலியின் உயிரணுவில் ஓடும் மின்னோட்டம் முழுதும் புகுத்திய மனித மரபணுவினுடையதே என்று துணிந்து கூறலாம் என்பதுதான் இவ்வுயிரணுக்களின் பெருமை.

அத்துணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. 508-ஆவது அமினோ அமிலம் விடுபடுவதால் புரதத்துக்கு நேரும் மடிப்புப் பிழையைத் திருத்தும் மருந்துகளின் பயன், அவை சோதிக்கப்படும் உயிரணுவின் வகையைப் பொறுத்து மாறுகிறது என்பதை 2010-இல் ஜெனோவா ஆய்வாளர்கள் காட்டினர். எனினும் 2017 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குளோரைடு வழியைத் திறந்துவைக்கும் இவாகாஃப்டர் மருந்துக்குத் தகுதியான மரபணு மாற்றங்களின் எண்ணிக்கையை 10-இலிருந்து 33-ஆக உயர்த்தியது, இத்தைராய்டு உயிரணுக்களின் சாட்சியத்தைக் கொண்டேயாகும். ஒவ்வொரு மாற்றத்தையும் உடையவர் மிகச் சிலரே ஆதலின், அவர்களைத் திரட்டித் தனிச் சோதனை நடத்தியிருக்க இயலாது. அம்முடிவு நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

எனினும் எலி உயிரணுவுள் புகுத்துவது இடைப்பகுதிகள் (இன்ட்ரான்கள்) நீங்கிய மரபணு நகலேயாதலால், இடைப்பகுதிகளை வெட்டி ஒட்டும் படியில் நேரும் பிழைகளை அது காட்ட இயலாது. அவ்வகைப்பட்ட ஐந்து மாற்றங்களுக்கு அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது, நோயாளிகளிடம் நடந்த சோதனையின் ஆதாரத்தால்தான். 2019-இல் அறிவிக்கப்பட்ட புதிய வரிசைகளுக்கோ இவ்வரம்பு இல்லை; அவற்றில், குரூனெர்ட்டின் பழைய உயிரணுக்களுள் ஒன்றின் மரபணு, குரோமோசோமில் தன் இயற்கையான இடத்திலேயே, இடைப்பகுதிகள் சூழ இருக்க, அதன் சில எழுத்துகள் மட்டும் திருத்தி எழுதப்பட்டன.