உழைப்பாளரின் இசைத்தட்டு

வர்த்தக இசைத்தட்டுக் கம்பனிகள் ஆண்டு விழா எடுக்கும்போது விற்பனைத் தொகையையே முதலில் நினைவுகூர்கின்றன. பிரித்தானியத் தொழிலாளர் இசைச் சங்கத்தின் கிளையாக 1939ஆம் ஆண்டிலே பிறந்த 'ரொபிக்' நிறுவனத்தை அந்த அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. அதன் முதலாவது தட்டின் ஒரு பக்கத்தில், தொழிலாளர் குடிக்கும் பியரில் நீர் கலப்பவனைப் பற்றிய நையாண்டிப் பாட்டு. மறுபக்கத்தில் சர்வதேச கீதம்!

1963இல் ஏ. எல். லொயிட்டின் முயற்சியால், 'இரும்புக் கலைமகள்' எனப் பொருள்படும் பெயருடன் ஒரு நெடுந்தட்டு வெளிவந்தது. நாட்டார் பாடல் என்றாலே ஏரும் வயலும் ஆட்டுமந்தையும்தாம் என்று கருதிய பண்டிதர் அங்கும் உளர். சுரங்கமும் தறியும்கூடப் பாடலை ஈன்றன என்பதை அத்தட்டு அவர்களுக்குக் காதாரக் கேட்பித்தது. சுரங்க விபத்து, கதவடைப்பு, வேலைநிறுத்தத்தை உடைக்கும் கருங்காலி: இவையே அதன் பாடுபொருள்கள். அழகியல் பேசுவோர் இவற்றைப் பிரசாரம் என்று ஒதுக்கக்கூடும். பாடியவனுக்கோ அவை வாழ்க்கை.

1998இல் 'மக்கள் குரல்' என்ற இருபது பகுதித் தொகுப்பு வந்தது. நோர்போக் பண்ணைத் தொழிலாளி ஹரி கொக்ஸ் போன்றோரின் குரல்கள் அதிலே காக்கப்பட்டன. 70ஆம் ஆண்டு நிறைவுக்கு, 2009இல், ஏழு தட்டுகள் கொண்ட தொகுதி. 2019இல் 80ஆம் ஆண்டுக்கு, பழைய பாடல்களை இன்றைய பாடகர் புதிதாய்ப் பாடிய வெளியீடு.

இவ்விழாக்களைப் போற்றும் நாம், மற்றொரு திகதியையும் உடன் குறித்தல் வேண்டும். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர் ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தம் 1985இல் தோல்வியுற்றது. யோர்க்ஷயரின் கெலிங்லி, பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம், 2015 டிசம்பரில் மூடப்பட்டது.