அழுக்குப்படாத வாகனம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டுவது ஒரு பழைய கியர் ஸ்கூட்டர். கிளட்ச், கியர் இரண்டுமே இடது கையில். லாரி வரிசை முழம் முழமாய் நகர, முதல் கியர், நியூட்ரல், திரும்பவும் முதல் கியர். காசிமேடு வருவதற்குள் மணிக்கட்டு செத்துப்போகும்.

1946இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த டி'அஸ்கானியோ, உடுப்பில் கிரீஸ் படக்கூடாதென்று எஞ்சினைத் தகட்டால் மூடினார். கால்களுக்கு முன்னால் ஒரு கவசம். வெள்ளைச்சட்டை உடம்புக்கான வண்டி. பியாஜியோ ஒப்பந்தம் 1971இல் முடிந்தபின், அதே வடிவில் பஜாஜின் சேத்தக் 1972இல் வந்தது. பதிவு செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். உற்பத்தியை உரிமம் கட்டிப்போட்டிருந்தது என்பது தாராளமயவாதிகளின் பாட்டு. பொய்யில்லை. ஆனால் அந்நியச் செலாவணியில் பணம் கட்டினவருக்கு வண்டி சீக்கிரம் வந்ததே, அந்தப் பின்வாசலை என்னவென்று சொல்வது?

திருவொற்றியூரிலேயே ஸ்கூட்டர் செய்தார்கள்: 1960களில் வில்லியர்ஸ் எஞ்சினோடு என்ஃபீல்டு விட்ட ஃபென்டாபுலஸ். யாருக்கு நினைவிருக்கிறது? ஆலைகள் நிறைந்த இந்த ரோட்டைப் பற்றி அப்பா சொல்வார்: "சங்கு ஊதினா பூரா சைக்கிள்தாண்டா, ஸ்கூட்டரெல்லாம் ஆபீசருங்களுக்கு." மீன்கூடைக்கு வாய்த்தது 1980இல் வந்த டிவிஎஸ் 50தான். கியர் கிடையாது, எஞ்சினுக்கு மூடியும் கிடையாது. கவிச்சி, உப்புத்தண்ணி எல்லாம் அதற்குச் சம்மதம்.

கியர் ஸ்கூட்டர் எங்கள் தெருவுக்கு வந்தது மற்றவர்கள் கழித்துவிட்ட பிறகு. என்னுடையது மூன்றாம் கை. எஞ்சின் தகட்டின் அடியை உப்புக்காற்று அரித்துவிட்டது. காலையில் ஒருபக்கம் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, அப்புறம் உதைக்கணும். சட்டையில் எண்ணெய்க்கறை இல்லாமல் நான் வேலைக்குப் போன நாள் குறைவு.