நோட்.ஜேஎஸ் 13

நோட்.ஜேஎஸ் 13 என்பது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இணைய உலாவிக்கு வெளியே, சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் மென்பொருளின் பதின்மூன்றாம் பதிப்பாகும். 2019 அக்டோபர் 22 அன்று வெளிவந்த இப்பதிப்பு, தமிழ் உள்ளிட்ட பல பாஷைகளின் எண், தேதி சம்பிரதாயங்களைத் தனியே எதையும் நிறுவ வேண்டாத வண்ணம் தன்னகத்தே கொண்டு வந்தமையே இதன் பிரதான விசேஷம்.

பின்னணி

2009இல் ரயன் டால் கூகுளின் வி8 என்ஜினை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய நோட்.ஜேஎஸ், 12ஆம் பதிப்பு வரையில் ஐசியு என்னும் சர்வதேச எழுத்துத் தரவுத் தொகுதியின் ஆங்கிலப் பகுதியை மட்டுமே வழக்கமான கட்டமைப்பில் தாங்கி வந்தது. ஆகவே, பிற பாஷையைக் கோரிய நிரலுக்கும், பிழையென்று எதுவும் அறிவிக்காமல், ஆங்கில முறையிலேயே விடை கிடைத்தது.

புதிய அம்சங்கள்

13ஆம் பதிப்பில் ஐசியு முழுமையாகச் சேர்க்கப்பட்டது. வி8 என்ஜின் 7.8ஆக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 13.2, ஜாவாஸ்கிரிப்டின் நியமப்படியான மாட்யூல்களை விசேஷக் கட்டளை ஏதுமின்றி ஏற்கத் தொடங்கியது.

தமிழில் பயன்

தாராபுரம் வட்டத்து மூலனூரில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பருத்தி ஏலத் தொகையை எழுதுவோர் லட்சக் கணக்கில் எழுதுவரேயன்றி மில்லியனில் எழுதார். 1234567 என்ற தொகையைத் தமிழ் முறையில் தருமாறு பணித்தால், பழைய கட்டமைப்பு 1,234,567 என்றும், 13ஆம் பதிப்பு 12,34,567 என்றும் தரும். மாதப் பெயரும் 'அக்டோபர்' என்று தமிழிலேயே வரும். ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்துகையில், யூனிகோட் குறியெண்ணை மட்டும் நோக்கும் சாதாரண முறை, ரகரத்துக்கு முன் னகரத்தை வைப்பதால் கன்னிவாடியைக் கரூருக்கு முன் நிறுத்தும். ஐசியுவைச் சார்ந்த கொலேட்டர் என்னும் கருவியோ, நெடுங்கணக்கின் கிரமப்படி கரூரையே முதலில் வைக்கும்.

பிற்காலம்

இரட்டை எண் பதிப்புகளுக்கே நீண்டகால ஆதரவு உண்டென்பது அக்கால விதியாதலால், 13ஆம் பதிப்பின் ஆதரவு 2020 ஜூன் 1 அன்று முடிவுற்றது. முழு ஐசியுவோ பின்வந்த பதிப்புகளிலும் நிலைத்தது. 2021 ஏப்ரலில் வந்த 16ஆம் பதிப்பு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செக்மென்டர் கருவியையும் அளித்தது. 'மூலனூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ஜாவாஸ்கிரிப்ட் 7 என்கிறது. செக்மென்டர் தரும் விடை 4.